டெஸ்ட் கேட்ச் சாதனைகள்: 211 பெரிதா, 53 பெரிதா?

கேட்கப்பட்டது இதுதான்: டெஸ்ட் கிரிக்கெட்டில் அதிக கேட்ச் பிடித்தவர் யார்? அவரையே உலகின் சிறந்த ஃபீல்டர் என்று சொல்லலாமா? ஃபீல்டிங்குக்கே பேர்போன தென்னாப்பிரிக்காவின் ஜான்ட்டி ரோட்ஸ் பெயர் ஏன் அந்தப் பட்டியலில் மேலே காணோம்?

முதல் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். விக்கெட் கீப்பர்களை விட்டுவிட்டுப் பார்த்தால், பல வருடங்கள் முதலிடத்தில் இருந்தவர் ராகுல் டிராவிட். 164 டெஸ்டில் 210 கேட்ச். 2009-ல் வெலிங்டனில் மார்க் வாவின் 181-ஐத் தாண்டி அந்த இடத்துக்கு வந்தார். 2025 ஜூலையில் லார்ட்ஸில் ஜோ ரூட் அவரைத் தாண்டினார். பென் ஸ்டோக்ஸ் பந்து கருண் நாயரின் மட்டை விளிம்பில் பட்டு வர, முதல் ஸ்லிப்பில், அதாவது பேட்ஸ்மேனுக்குப் பின்னால் கீப்பருக்குப் பக்கத்தில், நின்ற ரூட் இடப்பக்கம் தாழப் பாய்ந்து ஒற்றைக் கையில் அள்ளினார். அது 211-வது கேட்ச், ரூட்டுக்கு 156-வது டெஸ்ட். அடுத்து மஹேல ஜெயவர்த்தனே 205, ஜாக் காலிஸ் 200. ஸ்டீவ் ஸ்மித் 2025 பிப்ரவரியில் காலே டெஸ்டில் 200-ஐத் தொட்டார். ரூட்டும் ஸ்மித்தும் இன்னும் ஓய்வு பெறவில்லை என்பதால் இவர்கள் இருவரின் கணக்கும் ஏறிக்கொண்டே போகும். கொசுறாக ஒன்று: டிராவிடின் 210-ல் ஒன்று 2005-ல் சிட்னியில் உலக லெவன் அணிக்காகப் பிடித்தது. இந்தியாவுக்காக மட்டும் எண்ணினால் 209.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். கேட்ச் எண்ணிக்கையை வைத்து சிறந்த ஃபீல்டரைத் தேடினால் வழி தவறிவிடும். ரோட்ஸ் 52 டெஸ்டில் பிடித்தது வெறும் 34. சச்சின் டெண்டுல்கர் 200 டெஸ்டில் 115. இதை வைத்து ரோட்ஸைவிட சச்சின் நல்ல ஃபீல்டர் என்று யாரும் சொல்லமாட்டார்கள், சச்சினே ஒப்புக்கொள்ள மாட்டார். ரோட்ஸ் நின்றது பாயிண்ட் பக்கம், அதாவது பேட்ஸ்மேனுக்குப் பக்கவாட்டில். டெஸ்டில் பேட்ஸ்மேன் அந்தப் பக்கம் தூக்கி அடிப்பது குறைவு, தரையோடு அடிப்பதுதான் அதிகம். ரோட்ஸ் மிச்சப்படுத்திய ரன்களும், அவர் நிற்கிறார் என்ற பயத்தில் ஓடாமல் விட்ட சிங்கிள்களும் எந்தக் கணக்கிலும் வராது. அதே ரோட்ஸ் 1993-ல் பம்பாயில் வெஸ்ட் இண்டீசுக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் 5 கேட்ச் பிடித்தார். பேட்ஸ்மேன்கள் அடித்து ஆடியாக வேண்டிய ஆட்டம் அது, அவர் பக்கமும் பந்து பறந்தது.

ஆக, இந்தப் பட்டியல் ஒருவர் மைதானத்தில் எங்கே நின்றார், யார் பந்துவீசும்போது நின்றார், எத்தனை வருடம் அந்த இடத்தை விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தார் என்பதையே முதலில் காட்டுகிறது. மேலே இருக்கும் அத்தனை பேரும் ஸ்லிப்காரர்கள். அத்தனை பேரும் பேட்டிங்கால் அணியில் நிரந்தர இடம் பிடித்தவர்கள். இது தற்செயல் கிடையாது. ஸ்லிப்பில் நிற்க ஓட்டம் வேண்டாம், நாள் முழுக்கக் கலையாத கவனம் வேண்டும். மூன்று மணி நேரம் ஒன்றுமே வராமல் இருந்து, அடுத்த பந்தில் அரை நொடிக்குள் வந்து சேரும். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து நொடிக்கு கிட்டத்தட்ட 39 மீட்டர் கடக்கிறது. விளிம்பில் உரசும்போது கொஞ்சம் வேகம் குறையும். அதிலும் ஸ்லிப்காரருக்குக் கிடைப்பது அரை நொடி அளவுதான். பொதுவாக முதல் ஸ்லிப்பில் நிற்பவர் பந்துவீச்சாளர் கையிலிருந்தே பந்தைப் பார்த்துக்கொண்டு வருவார். இரண்டாவது ஸ்லிப்பும், ஸ்லிப் வரிசையைத் தாண்டி நிற்கும் கல்லியும் மட்டையின் விளிம்பையே பார்ப்பார்கள். கோணம் அப்படி.

சுழலுக்கு ஸ்லிப் நிற்பது தனி வேலை. பார்ப்பதற்கு எளிது போலத் தெரியும். வேகம் குறைவுதான், ஆனால் தூரமும் குறைவு. கீப்பர் ஸ்டம்பை ஒட்டி உட்கார்ந்து பாதி பார்வையை மறைத்துவிடுவார். அவருடைய கையுறையைத் தாண்டிய பிறகே பந்து கண்ணுக்குத் தெரியும். பாய நேரமில்லை. முழங்காலை மடக்கி, தலையை அசைக்காமல், கையைத் தளர்வாக வைத்திருந்தால் பந்து உள்ளே வந்து உட்காரும். கையை விறைப்பாக வைத்தால் தெறித்துவிடும். டிராவிட் இந்தக் கலையில் கைதேர்ந்தவர். அவர் கேட்ச்களில் 55 அனில் கும்ப்ளே பந்தில் வந்தவை, 51 ஹர்பஜன் சிங் பந்தில். இந்த இரண்டு பேரை எடுத்துவிட்டால் 210-ல் பாதி காணாமல் போய்விடும். கும்ப்ளே பந்து பெரிதாகத் திரும்பாது, எகிறி வேகமாக வரும். அதற்கு ஸ்லிப் நிற்பது மிதவேகப் பந்துக்குக் கிட்டே நிற்பது மாதிரி. என் கணிப்பில் டிராவிட் பிடித்ததில் கஷ்டமானவை அவைதான்.

ஜெயவர்த்தனே - முரளிதரன் கூட்டு இன்னும் ஒரு படி மேலே. ஸ்கோர்கார்டில் அந்த இரண்டு பெயர்களும் ஒரே வரியில் 77 முறை வருகின்றன. கீப்பர் அல்லாத ஃபீல்டர் - பந்துவீச்சாளர் ஜோடியில் இதை நெருங்கியவர் இல்லை. 77-வது எப்போது வந்தது தெரியுமா? 2010 ஜூலை, காலே. இதுதான் தன் கடைசி டெஸ்ட் என்று முரளி முன்கூட்டியே அறிவித்துவிட்டார். கையில் 792 விக்கெட். முதல் இன்னிங்ஸில் 5 எடுத்தார், இரண்டாவதில் 2. அதன் பிறகு இந்தியாவின் கடைசி ஆட்டக்காரர்கள் மட்டையை வைத்துத் தடுத்துக்கொண்டே இருந்தார்கள். லக்ஷ்மண் ரன் அவுட் ஆக, மிச்சம் இருந்தது ஒரே விக்கெட். வேறு யாராவது அதை எடுத்துவிட்டால் 799-லேயே முடிந்துவிடும். கடைசியில் பிரக்யான் ஓஜா மட்டையை நீட்ட, விளிம்பில் பட்டு வந்த பந்து நேரே முதல் ஸ்லிப்பில் நின்ற மஹேலவின் கைக்குப் போனது. 800. டெஸ்டில் முரளி வீசிய கடைசிப் பந்தும் அதுவே. அந்தக் கேட்சை மட்டும் மஹேல விட்டிருந்தால் இலங்கையில் எங்கே போய் ஒளிந்திருப்பாரோ!

சரி, எண்ணிக்கை ஏமாற்றும் என்றால் வேறு எப்படி அளப்பது? ஒரு டெஸ்டுக்கு எத்தனை என்று வகுத்துப் பார்க்கலாம். டிராவிட் 1.28, ஜெயவர்த்தனே 1.38, மார்க் வா 128 டெஸ்டில் 181 பிடித்து 1.41, ஸ்டீபன் ஃப்ளெமிங் 111 டெஸ்டில் 171 பிடித்து 1.54. இங்கேயே வரிசை தலைகீழாகிவிட்டது பாருங்கள். இன்னும் பின்னால் போனால் பாப் சிம்சன் வருவார். இங்கிலாந்தின் வாலி ஹாமண்ட் 85 டெஸ்டில் 110 கேட்ச் பிடித்தார். அதே 110-ஐ சிம்சன் 62 டெஸ்டில் பிடித்தார். சராசரி 1.77. அந்த 62-ல் பத்து டெஸ்ட், ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து, கெர்ரி பேக்கர் தனியாக நடத்திய தொடருக்கு வீரர்கள் போய்விட ஆஸ்திரேலிய அணி காலியானபோது 41 வயதில் திரும்பி வந்து ஆடியவை. பின்னாளில் ஆஸ்திரேலியப் பயிற்சியாளராக இருந்து ஃபீல்டிங் பயிற்சியைக் கெடுபிடியாக நடத்தியவரும் அவரே. மார்க் டெய்லர், மார்க் வா எல்லாம் அந்தக் காலத்தில் தேறியவர்கள். ஸ்லிப்புக்கு ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் சிம்சனைத்தான் சொல்வேன். அழகுக்கு மார்க் வா.

ஆனால் சிம்சனுக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். ஏக்நாத் சோல்கர், 27 டெஸ்ட், 53 கேட்ச். ஒரு டெஸ்டுக்கு இரண்டு என்று சொல்லலாம். அவர் நின்றது ஸ்லிப்பிலும் அல்ல, ஃபார்வர்ட் ஷார்ட் லெக்கில். பேட்ஸ்மேன் கையெட்டும் தூரத்தில், ஹெல்மெட் இல்லாமல். பம்பாயில் ஹிந்து ஜிம்கானா மைதானத்தைப் பராமரித்தவரின் மகன். பேட்டிங், இடது கைப் பந்துவீச்சு என்று எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவர். ஆனால் பேடி, பிரசன்னா, சந்திரசேகர், நம் வெங்கட்ராகவன் என்ற நால்வருக்கும் அவர் அங்கே நிற்பதே பாதி பலம். பேட்ஸ்மேன் முன்காலை நீட்டித் தடுத்தால் மட்டையிலும் பேடிலும் பட்டு எழும் பந்து தரையில் விழுமுன் ஒரு கை வந்துவிடும். அந்தப் பயத்தில் முன்னே வராமல் பின்னே போய் மாட்டியவர்களின் கணக்கு சோல்கர் பெயரில் ஏறாது. அது பந்துவீச்சாளருக்கே போகும்.

1971 ஆகஸ்ட், ஓவல். முதல் இன்னிங்ஸில் இங்கிலாந்து 355, இந்தியா 284. 71 ரன் பின்தங்கிய நிலையில் சந்திரசேகர் வந்தார். 38 ரன்னுக்கு 6 விக்கெட். இங்கிலாந்து 101-க்குச் சுருண்டது. எல்லோரும் சந்திராவைப் பற்றித்தான் பேசுவார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் அன்றைக்கு இங்கிலாந்தைக் காப்பாற்றக்கூடியவராக இருந்தவர் ஆலன் நாட். முதல் இன்னிங்ஸில் 90 அடித்தவர், இக்கட்டில் நின்று ஆடக்கூடியவர். இந்த முறை 1 ரன்னில் இருந்தார். வெங்கட் வீசிய ஆஃப் ஸ்பின்னை முன்னே வந்து தடுத்தார். பந்து மெல்ல எழுந்து ஆடுகளத்தின் மேலேயே விழப் போனது. சோல்கர் முன்பக்கமாக, பேட்ஸ்மேனின் காலை நோக்கி, முழு உடம்பையும் நீட்டி விழுந்தார். தரையிலிருந்து விரற்கடை உயரத்தில் பந்து கைக்குள் இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உடம்பு கிட்டத்தட்ட தரையோடு தரையாக இருக்கும். அப்புறம் 173 இலக்கை இந்தியா 6 விக்கெட் இழப்புக்கு எட்டியது. இங்கிலாந்து மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி, முதல் தொடர் வெற்றி. ஸ்கோர்கார்டில் அந்தக் கேட்சுக்கு அரை வரிதான்.

அந்த இடத்தில் நிற்பது விளையாட்டல்ல என்பதற்கு இந்திய ஆட்டக்காரர் ரமன் லம்பாவின் முடிவே சாட்சி. 1998-ல் டாக்காவில் ஒரு கிளப் ஆட்டத்தில் ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில் நின்று, தலையில் அடிபட்டு இறந்துபோனார். இப்போது அங்கே ஹெல்மெட் இல்லாமல் யாரும் நிற்பதில்லை. விதியும் மாறிவிட்டது. முன்பெல்லாம் ஃபீல்டரின் ஹெல்மெட்டில் பட்டு எழும் பந்தைப் பிடித்தால் அவுட் இல்லை. 2017 அக்டோபர் முதல் அதுவும் அவுட்.

ஒரே இன்னிங்ஸ், ஒரே டெஸ்ட் சாதனைகளில் கதைகள் நிறைய. ஓர் இன்னிங்ஸில் 5 கேட்ச் என்பதைத் தாண்டியவர் கிடையாது. அதை முதலில் செய்தவர் ஆஸ்திரேலியக் கேப்டன் விக் ரிச்சர்ட்சன், 1935-36 டர்பன் டெஸ்டில், தன் கடைசி டெஸ்டில். அவருடைய பேரன்தான் கிரெக் சாப்பல். பேரன் 1974-ல் பெர்த்தில் ஒரே டெஸ்டில் 7 பிடித்தார். தாத்தா இன்னிங்ஸ் சாதனை, பேரன் டெஸ்ட் சாதனை! இந்த இரண்டையும் ஒரே ஆட்டத்தில் சமன் செய்தவர் யஜுர்வேந்திர சிங். 1977-ல் பெங்களூரில் இங்கிலாந்துக்கு எதிரான அறிமுக டெஸ்டிலேயே ஓர் இன்னிங்ஸில் 5, மொத்தம் 7. அதையும் சேர்த்து மொத்தமே நான்கு டெஸ்ட்தான் ஆடினார். 1989 கராச்சியில் அசாருதீன் 5. 1992-ல் பெர்த்தில், பலருக்கும் நினைவிருக்காது, நம் ஸ்ரீகாந்த் 5. மட்டையைச் சுழற்றும் சீக்காவை வைத்தே அவரைப் பேசிப் பழகிவிட்டோம். அதுவே அவருடைய கடைசி டெஸ்டும்கூட. 2013 மும்பையில் டேரன் சாமியும் 5 பிடித்தார். அதில் ஒன்று டெண்டுல்கரின் கடைசி இன்னிங்ஸை 74-ல் முடித்தது. வான்கடே வாயடைத்துப் போனது.

ஒரு டெஸ்டில் 7 என்ற எல்லையை 2015-ல் காலேயில் அஜிங்க்ய ரஹானே உடைத்து 8 ஆக்கினார். அஸ்வின் 10 விக்கெட் எடுத்த டெஸ்ட் அது. இத்தனைக்குப் பிறகும் 176 இலக்கைத் துரத்திய இந்தியா, இலங்கையின் ஹெராத்திடம் 112-க்குச் சுருண்டு தோற்றது. பத்து வருடம் நின்ற அந்த 8-ஐ 2025 நவம்பரில் குவாஹாட்டியில் தென்னாப்பிரிக்காவின் எய்டன் மார்க்ரம் 9 ஆக்கினார். அதுவும் இந்தியாவுக்கு எதிராக, 408 ரன் வித்தியாசத்தில் நாம் தோற்ற டெஸ்டில்.

சாதனைப் பட்டியல் சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். பிடித்ததற்குக் கணக்கு உண்டு, விட்டதற்குக் கிடையாது. 1990 லார்ட்ஸில் கிரஹாம் கூச் 36-ல் இருந்தபோது கிரண் மோரே கேட்சைக் கோட்டை விட்டார். கூச் 333 அடித்துவிட்டுத்தான் போனார். 2014 வெலிங்டனில் 246 ரன் பின்தங்கிய நியூசிலாந்து இரண்டாவது இன்னிங்ஸில் 94-க்கு 5 என்று தள்ளாடியது. அந்த இன்னிங்ஸில் பிரெண்டன் மெக்கல்லம் 9-ல் தந்த வாய்ப்பைக் கோலி தவறவிட்டார். மெக்கல்லம் 302. கையில் இருந்த வெற்றி டிராவில் முடிந்தது. 2005 ஓவலில் பீட்டர்சன் 15-ல் தந்த கேட்சை, லட்டு மாதிரி வந்ததை, ஷேன் வார்ன் ஸ்லிப்பில் விட்டார். பீட்டர்சன் 158 அடிக்க, இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் கைமாறியது. கோலி 121, வார்ன் 125 என்று நூறைத் தாண்டிய நல்ல கைகள்தான் இரண்டும். கேட்ச் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வந்த வாய்ப்புகளின் எண்ணிக்கையையும் போட்டால்தான் யார் எப்படி என்று தெரியும். பழைய ஆட்டங்களுக்கு அதை இனி யாரும் எண்ண முடியாது.

மாற்று ஆட்டக்காரர் பிடித்தாலும் அவர் கணக்கில் ஏறாது. குர்ஷரண் சிங் 1983 அகமதாபாத் டெஸ்டில் வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக மாற்று ஆளாக வந்து 4 கேட்ச் பிடித்தார். அப்போது அவர் டெஸ்ட் ஆட்டக்காரரே அல்ல. ஆறேழு வருடம் கழித்து நியூசிலாந்தில் ஒரே ஒரு டெஸ்ட் ஆடினார்.

கீப்பர்கள் தனி உலகம் என்பதால் சுருக்கமாக: மார்க் பவுச்சர் 147 டெஸ்டில் 532 கேட்ச், 23 ஸ்டம்பிங், மொத்தம் 555. 2012-ல் டான்டனில் ஸ்டம்பின் மேல் இருக்கும் பெயில் கண்ணில் பட்டதோடு அவர் ஆட்டமே முடிந்தது. ஒரே டெஸ்டில் 11 பேரை வீழ்த்தியவர்களில் ஜாக் ரஸ்ஸல், டிவில்லியர்ஸ், ரிஷப் பந்த் மூவரும் உண்டு. ஆனால் எனக்குப் பிடித்தது ஸ்டம்பிங் சாதனை. 1988 பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் நரேந்திர ஹிர்வானி அறிமுக டெஸ்டில் 16 விக்கெட் எடுத்தாரே, அதே ஆட்டத்தில் கிரண் மோரே ஓர் இன்னிங்ஸில் 5, மொத்தம் 6 ஸ்டம்பிங் செய்தார். வெஸ்ட் இண்டீஸ்காரர்கள் இறங்கி இறங்கி வந்து மாட்டினார்கள். லார்ட்ஸில் கூச்சை விட்ட அதே மோரேதான்.

கடைசியாக, இவற்றில் எது உடையாமல் நிற்கும் என்று யாராவது கேட்டால், ஜாக் கிரிகோரியின் 15-ஐச் சொல்வேன். 1920-21 ஆஷஸில் ஐந்து டெஸ்டில் 15 கேட்ச், கூடவே 442 ரன், 23 விக்கெட். வேகப்பந்து வீசிவிட்டு ஸ்லிப்பில் போய் நின்ற மனிதர். நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. சாப்பல் 1974-75-ல் ஆறு டெஸ்டில் 14 வரை வந்தார். 2018-ல் இங்கிலாந்தில் கே.எல். ராகுல், கடைசி டெஸ்டின் 149 வரை பேட்டிங்கில் திணறிக்கொண்டே, ஐந்து டெஸ்டில் 14 பிடித்தார். ஒன்று குறைந்துவிட்டது. ஆஷஸையும் இந்தியா ஆடும் சில தொடர்களையும் தவிர இப்போது ஐந்து டெஸ்ட் தொடர்கள் நடப்பதே அபூர்வம். இரண்டு டெஸ்டில் ஒரு தொடரே முடிந்துவிடும் காலத்தில் 16 பிடிக்க ஆளுக்கு வாய்ப்பு எங்கே?